நீவெஸின் கழுத்து

இருபத்தோராவது வில்லையிலும் கோடு இருந்தது.

எர்மெஸ் வைரச் சக்கரத்தில் அதன் விளிம்பை அறுத்து, தண்ணீரில் அலசி, தன் மேலங்கியிலேயே துடைத்து என்னிடம் நீட்டினான். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. உள்ளங்கை அகலமுள்ள கறுத்த வில்லையின் வெட்டுமுகத்தில், ஏறக்குறைய நடுவில், தலைமுடியின் கனத்தில் ஒரு கோடு. இருபத்து நான்கு அடுக்கு துணியில் பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் ஒட்டவில்லை.

"பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல" என்றான் எர்மெஸ்.

"சிரிப்பு வரலை எனக்கு."

"எனக்கும்தான் வரலை. அழுத்தியை ஓட்டினது நான்தானே. ராத்திரி முழுக்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் டிகிரில அதை இறுக்கிப் பிடிச்சிருக்கேன். அதுக்கு மேல கட்டிப்பிடிக்கச் சொன்னா நான் என்ன பண்ண?"

மே மாதத்திலிருந்து செய்த ஏழில் இது ஐந்தாவது தோல்வி. அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் செய்த பதினான்கில் ஒன்றுகூடத் தவறியதில்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தெரியாத வேலையில் தோற்பது வேறு. தெரிந்த வேலை ஒருநாள் காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு.

நாங்கள் செய்வது ராக்கெட்டின் வாய் குறுகும் இடத்தில் பொருத்தும் வளையத்துக்கான பொருள். இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் தீ சீறும் இடம் அது. எஃகு அங்கே வெண்ணெய். பீங்கான் தாங்கும், ஆனால் வெறும் பீங்கானைச் சட்டென்று சூடாக்கினால் கைதவறிய தட்டைப் போல உடையும். அதனால் கார்பன் இழையில் நெய்த துணியை வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் சிர்கோனியம் டைபோரைடு தூளைத் தண்ணீரில் கரைத்த குழம்பைப் பூசி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உலர்த்தி, கிராஃபைட் அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிறோம். பிறகு அது விரிசல் விட்டாலும் இழைகள் விடாது. எங்கள் ஊரான ஃபயென்சாவில் ஐநூறு வருடமாகப் பீங்கான் சுடுகிறார்கள்; நாங்கள் சுடுவதில் மட்டும் பூ வரைவதில்லை.

நான் எரிச்சலில் அந்தத் துண்டை மேசையில் போட்டேன். சத்தம் கேட்டு லெயார்கோ தன் அறையிலிருந்து வந்தார். அறுபத்தாறு வயது, பட்டறையின் முதலாளி. துண்டைத் தூக்கி, தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"ஜப்பான்காரன் நமக்கு மட்டமான நூலை அனுப்பிட்டான்" என்றார்.

"அதே உருளைதான் லெயார்கோ. முதல் பதினாலும் அதே உருளைலதான் செஞ்சோம்."

"அப்ப தூள்."

"தூளை மூணு தடவை சோதிச்சாச்சு."

"அப்ப நீதான் சொல்லு. டாக்டர் பட்டம் உனக்கா எனக்கா?"

அழுத்தும் வேகத்தை நான்கு தடவை மாற்றியிருந்தேன். வெற்றிடத்தின் அளவை மாற்றினேன். குழம்பில் சேர்க்கும் பசையின் விகிதத்தை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இதுதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கோடு அங்கேயே வந்து உட்கார்ந்தது.

லெயார்கோ குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் கெட்ட செய்தி. "துணி இன்னும் எத்தனைக்கு இருக்கு?"

"ஒண்ணுக்கு."

"அடுத்த உருளை?"

"நவம்பர்ல."

"வளையம் வாங்கப்போற அந்த பிரெமன்காரர் வர்ற வியாழன் வர்றார். தீயில காட்டணும். அது தாங்கலைன்னா அவர் வேற ஆளைப் பாப்பார், அதுல தப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை நாம ஆகஸ்ட் விடுமுறைக்குப் பூட்டுறோம். செப்டம்பர்ல திறக்கும்போது அந்தப் பெரிய அழுத்தி இங்க இருக்காது, ஓரியெட்டா. சஸ்ஸுவோலோ ஊர்ல ஒருத்தன் விலைக்குக் கேட்டுட்டு இருக்கான்."

"அப்ப நான்?"

"கத்திப் பிரிவுல எப்பவும் உனக்கு இடம் உண்டு."

வெள்ளைப் பீங்கான் கத்திகள். சமையலறைக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் அங்கிருந்துதான் நான் சண்டை போட்டு வெளியே வந்தேன். அவர் அதைத் தண்டனையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசித் துணியைத் திங்களன்று அடுக்க வேண்டும் என்று சொல்வதற்காக அடுக்கும் அறைக்குப் போனேன்.

அது நீவெஸ் மொந்தனாரியின் அறை. கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறை. நடுவில் வெள்ளை மேசை. மேசைக்கு நேர் மேலே, கூரையில் காற்று வரும் கம்பி வலை. இருபத்தெட்டு வருடம் காலுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நீவெஸ். அதை மூடியபோது இங்கே வந்தாள். அவள் விரலுக்குக் கீழே துணி சுருங்காது, இழை பிரியாது, குழம்பு ஓரத்தில் வழியாது. அதெல்லாம் சரி. ஆனால் ஜூலை மாதம், வெளியே முப்பத்தேழு டிகிரி, அவள் கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தாள்.

நான் பேசுவதற்கு முன்பே அவள் ஆரம்பித்தாள். "திங்கக்கிழமை வரமாட்டேன். டாக்டர்கிட்ட போறேன். கழுத்தைத் திருப்ப முடியலை."

"நீவெஸ், திங்கக்கிழமைதான் கடைசி வில்லை. உங்களை விட்டா யாரு அடுக்குவா?"

"அந்தப் பெட்டியைப் பூட்டினாங்களே, அவங்க அடுக்கட்டும்."

பெட்டி என்றால் காற்று எந்திரத்தின் சுவிட்சுக்கு மேல் நான் போடச் சொன்ன பிளாஸ்டிக் மூடி. மே மாதம் புதிய எந்திரம் வைத்தோம். சுவரில் எண்கள் ஒளிரும் பலகை. ஒருநாள் கண்ணாடி வழியே பார்த்தபோது அது அணைந்திருந்தது. செய்முறை ஏட்டில் ஏழாவது வரி தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் காற்று வீச, பத்து நிமிடம் உலர விட வேண்டும். அந்த வரியை எழுதியது நான். மூடி போட்டு, சாவியை என் கொத்தில் சேர்த்துக்கொண்டேன்.

"ஜில்லுனு ஒரு காற்று நேரா பிடரில வந்து விழுது" என்றாள் நீவெஸ். "வேர்த்த உடம்பு. நரம்பு இழுத்துக்கிட்டா யாரு பாப்பா?"

"காற்று பட்டா நரம்பு இழுக்காது. இதை எத்தனை தடவை சொல்றது? இருபத்திரண்டு டிகிரி காற்று நீவெஸ். அதுல ஒரு நோயும் வராது."

"உன் அம்மா உன்னை வளர்க்கவே இல்லையா?"

வளர்த்தாள். பதினெட்டு வயது வரை ஈரத் தலையோடு என்னை வாசல் தாண்ட விட்டதில்லை. பேருந்தில் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் எழுந்துபோய் ஒன்றை மூடுவாள். வெயிலில் மயங்கியவர்கள் திட்டினாலும் கேட்கமாட்டாள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கடலில் கால் வைக்கக் கூடாது. நான் படிக்கப் போனதே அந்த வீட்டின் மூடிய ஜன்னல்களிலிருந்து தப்பிக்கத்தான் என்று சில சமயம் தோன்றும். வெப்பம், காற்று, ஈரம் இவற்றைக் கணக்காகப் படித்தேன். போலோஞாவில் படிக்கத் தங்கியிருந்த முதல் குளிர்காலத்தில் வேண்டுமென்றே ஈரத் தலையோடு தெருவில் நடந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மகிழ்ச்சி இன்றுவரை மிச்சமிருக்கிறது.

அதனால் நீவெஸின் மஃப்ளரைப் பார்க்கும்போது எனக்குள் எழுந்தது வேலை சம்பந்தப்பட்ட கோபம் மட்டுமல்ல. அது எனக்கே தெரியும்.

"முதல் மூணு வருஷம் இதே கூரைல காற்று வரலையா?" என்று கேட்டேன். "அப்ப கழுத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

நீவெஸ் என்னை வினோதமாகப் பார்த்தாள். அவள் பார்வையில் பயம் இல்லை, கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"அப்பத்தான் நான் அணைச்சுருவேனே" என்றாள்.

"எப்ப?"

"எப்பவும்தான். உள்ள வந்ததும் அணைப்பேன், போகும்போது போட்டுட்டுப் போவேன். பழைய எந்திரத்துக்கு விளக்கு கிடையாது, உனக்குத் தெரியலை. மூணு வருஷம், டாக்டரம்மா. ஒருநாள்கூட அந்தக் காத்து என்மேல பட்டதில்லை."

டாக்டரம்மா என்றால் அவள் என்னோடு கோபமாக இருக்கிறாள் என்று பொருள். ஆனால் நானும்தான் கோபமாக இருந்தேன்.

"மூணு வருஷமா செய்முறையை மீறியிருக்கீங்க."

"ஆமா."

"என்கிட்ட சொல்லாம."

"சொன்னா விட்டிருப்பீங்களா? மரியாதையாத்தான் கேக்குறேன். விட்டிருப்பீங்களா?"

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தினேன் என்பது மரியாதையான சொல். கண்ணாடி அதிர்ந்தது. பின்னாலிருந்து எர்மெஸ், "கதவை இப்படி அடிச்சா அதுலயும் காத்து வரும், மேடம்" என்றான்.

*

என் மேசைக்கு வந்து கத்திப் பிரிவை நினைத்தேன். நீவெஸைப் பற்றி லெயார்கோவிடம் சொல்லலாம். மூன்று வருடம் விதியை மீறியிருக்கிறாள். தோல்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். என் பெயர் இல்லாத ஒரு பெயர். அந்த எண்ணம் எவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தது என்பதைக் கவனித்தபோதுதான் அதில் ஏதோ இடித்தது.

அவள் மீறிய மூன்று வருடங்களில் தோல்வியே இல்லை.

ஏட்டை எடுத்தேன். முதல் பதினான்கு: காற்று இல்லை, கோடும் இல்லை. மூடி போட்டது மே ஒன்பது. அதற்குப் பிறகு ஏழு. பதினைந்து, பதினாறு: கோடு. பதினேழு: நல்லது. அன்று நான் போலோஞாவில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். சாவிக்கொத்தை எர்மெஸிடம் விட்டுப் போயிருந்தேன்.

எர்மெஸைக் கூப்பிட்டேன். "நான் போலோஞா போன அன்னைக்கு நீவெஸுக்குப் பெட்டியைத் திறந்துவிட்டியா?"

"இல்லையே."

"எர்மெஸ்."

"அவ ஒரு தட்டு கப்பெல்லெத்தி கொண்டு வந்திருந்தா. சீஸ் வச்சு வீட்லயே பிடிச்ச பாஸ்தா. நானும் மனுஷன்தானே."

"காற்று எத்தனை நேரம் அணைஞ்சிருந்தது?"

"நாள் முழுக்க. ஏன், என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறீங்களா?"

"போ."

பதினெட்டு, பத்தொன்பது: கோடு. இருபது: நல்லது. தேதியைப் பார்த்தேன். ஜூன் கடைசியில் ஆலங்கட்டி மழை பெய்த காலை. மின்சாரம் மாலை வரை இல்லை. அடுக்குவதற்கு மின்சாரம் வேண்டாம், கைதான் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் நீவெஸ் அடுக்கி முடித்திருந்தாள். காற்று எந்திரம் செத்துக் கிடந்தது. இருபத்தொன்று: கோடு.

இருபத்தோரு வரிகளும் சொன்னதைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வேறு விளக்கம் ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன் என்பதுதான் உண்மை. காற்று பூச்சின் மேற்பரப்பை மட்டும் முதலில் காய வைக்கிறது. பாலில் ஆடை படிவதைப் போல ஒரு தோல். அதன்மேல் வைக்கும் துணிக்குள் தூள் ஏறாது. அழுத்தும்போது அச்சைத் தொடும் மேல், கீழ் அடுக்குகள் எப்படியோ இறுகிக்கொள்கின்றன. நடுவில் உள்ளவை தோலைத் தாண்டித் தொட்டுக்கொள்வதே இல்லை. காற்று இல்லாவிட்டால் குழம்பு பிசுக்கோடு இருக்கிறது, அடுத்த அடுக்கைக் கடித்துக்கொள்கிறது. இதைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் ஒரு நாளில் வேலையை முடிக்கும் அவசரத்தில் ஏழாவது வரியை எழுதினேன். அந்த வரியை யாரும் பின்பற்றாததால்தான் மூன்று வருடம் எனக்குப் பெயர் இருந்தது.

காற்று பட்டால் கழுத்து நரம்பு இழுக்காது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நீவெஸ் சொன்னது முழு முட்டாள்தனம். அவள் செய்தது சரி. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் அமைதியாக உட்கார மறுத்தன.

*

சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். நகரத்தைத் தாண்டி, பீச் பழத் தோட்டங்களுக்கு நடுவில். நீவெஸ் சமையலறையில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. உள்ளே அடுப்புக்குள் இருப்பதைப் போல இருந்தது.

"உட்காரு" என்றாள். அந்த ஒருமையைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"திங்கக்கிழமை வாங்க. காற்று இருக்காது."

"மனசு மாறிட்டியா?"

"கணக்கு மாறிடுச்சு. நீங்க அணைச்சப்ப செஞ்சது எல்லாம் நல்லா வந்திருக்கு. போட்டுட்டுச் செஞ்சது எல்லாம் பிளந்திருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். யோசித்தாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது.

"அதுக்கும் கழுத்து இருக்குன்னு சொல்லு" என்றாள்.

"இல்லை நீவெஸ். அது வேற விஷயம். மேற்பரப்பு சீக்கிரம் காய்ஞ்சு போறதுனால—"

"காத்து படுது, உள்ள ஈரம் மாட்டிக்குது, இழுத்துக்குது. இதைத்தானே நான் சொன்னேன்."

"நீங்க சொன்னது இது இல்லை."

"வேற என்ன சொன்னேன்?"

நான் தர்பூசணியைத் தின்றேன். வேறு வழி இல்லை.

"வர்றேன்" என்றாள் கடைசியில். "ஒண்ணே ஒண்ணு. உன் ஏட்டுல எழுதணும். நான் சும்மா அடம் பிடிக்கலைன்னு. மே மாசத்துலேர்ந்து எல்லாரும் என்னைப் பாத்து நமட்டுச் சிரிப்பு சிரிச்சாங்க. நீயும்தான். நான் அணைச்சேன், அதனாலன்னு எழுதணும். என் பேரோட."

"எழுதுறேன்."

"கழுத்தையும்."

"கழுத்து எதுக்கு?"

"கழுத்து இல்லைன்னா நான் எதுக்கு அணைக்கப் போறேன்?"

நான் இன்னொரு துண்டு தர்பூசணியை எடுத்துக்கொண்டேன்.

*

திங்களன்று பிளாஸ்டிக் மூடியை நானே கழற்றினேன். கடைசித் துணியை இருபத்து நான்கு வட்டங்களாக நீவெஸ் வெட்டினாள். ஒன்றில் தவறினாலும் மாற்று இல்லை. காற்று நின்றதும் அறை பத்து நிமிடத்தில் கொதிக்க ஆரம்பித்தது. அவள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை துணியில் விழுந்தால் உப்பு உள்ளே போகும். அழுத்தியில் அது ஒரு குழியாகும். ஆகவே நான் ஒரு துண்டோடு பக்கத்தில் நின்று, அவள் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தேன். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற பெண், நாள் முழுவதும், துண்டோடு.

"மஃப்ளரைக் கழட்டிடுங்க. இப்பத்தான் காற்று இல்லையே."

"கதவு இடுக்கு இருக்கு."

பன்னிரண்டாவது அடுக்கை வைத்தாள். தூரிகையால் குழம்பைப் பூசினாள். விரலின் பின்பக்கத்தால், தொட்டும் தொடாமலும், அதன் மேல் தடவிப் பார்த்தாள். காத்திருந்தாள். என் ஏட்டின்படி பத்து நிமிடம். அவள் பதினேழு நிமிடம் காத்திருந்தாள்.

"எப்படித் தெரியுது?"

"காலுறைக்குச் சாயம் போடும்போது பாத்திருக்கியா? விரலைப் பிடிச்சு விடணும். அப்பிக்கவும் கூடாது, காஞ்சு வழுக்கவும் கூடாது."

அதை நான் எண்ணாகக் குறித்துக்கொண்டேன். பதினேழு. பதின்மூன்றாவதை வைத்தாள்.

செவ்வாயன்று எர்மெஸ் அழுத்தியை ஓட்டினான். புதன் மதியம் அச்சைத் திறந்து, விளிம்பை அறுத்து, இந்த முறை மேலங்கியில் துடைக்காமல், காகிதத்தில் துடைத்து நீட்டினான். நான் பார்த்தேன். அவன் பார்த்தான். பூதக்கண்ணாடியை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அடுக்குகளைச் சாம்பல் நிற அலைகளாக எண்ண முடிந்தது. பன்னிரண்டு எங்கே முடிந்து பதின்மூன்று எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"சமாதானம் ஆயிட்டாங்க" என்றான்.

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே ஒரு வெட்கம். சொந்த வீட்டில் வழி தெரியாமல் சுற்றியதைப் போல.

அன்று மாலை ஏழாவது வரியைத் திருத்தினேன். 'அடுக்கும்போது காற்று எந்திரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். உலர்வு: பதினேழு நிமிடம்.' எங்கள் ஏட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. திருத்தத்தின் காரணம். அதை எழுதாமல் திருத்தம் செல்லாது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'மேற்பரப்பு உலர்வு வேகக் கட்டுப்பாடு' என்று ஒரு நல்ல சொற்றொடர் தயாராக இருந்தது. அதில் பொய் இல்லை. அதைப் படிப்பவர் யாரும் மே ஒன்பதைப் பற்றிக் கேட்கமாட்டார். நான் யோசித்துக் கண்டுபிடித்ததைப் போலவே இருக்கும். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

*

பிரெமன்காரர் டியர்க்சன் வியாழன் காலை ஒன்பதுக்கு வந்தார். உயரமான, அமைதியான மனிதர். சோதனை அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார். இரண்டு நிமிடத்தில் நீவெஸ் போய் மூடினாள். அவர் மறுபடியும் திறந்தார். அவள் மறுபடியும் மூடினாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. லெயார்கோ தலையில் கைவைத்துக்கொண்டார்.

தீ வில்லையின் முகத்தில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடி வழியே அது சிவந்து, மஞ்சளாகி, பார்க்க முடியாத வெண்மையானது. இரண்டு நிமிடம். நான் பார்த்தது வில்லையை அல்ல, அதன் விளிம்பை; பிளக்கும் என்றால் அங்கேதான் வாய் திறக்கும். என் பக்கத்தில் நீவெஸ் மஃப்ளரின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தீ அணைந்தது. வில்லை மெல்ல மஞ்சளுக்கு, சிவப்புக்கு, சாம்பலுக்கு இறங்கியது. விளிம்பு மூடியே இருந்தது.

டியர்க்சன் அதை ஆறும்வரை காத்திருந்து, அளந்து, எடைபோட்டு, பிறகு தலையசைத்தார். லெயார்கோ மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"மே மாதத்திலிருந்து சிக்கல் என்று எழுதியிருந்தீர்கள். எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டு, ஏட்டை வாங்கிப் புரட்டினார். ஏழாவது வரியில் நின்றார். "காரணம் எழுதவில்லையே. இது இல்லாமல் நான் கையெழுத்துப் போட முடியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்ட மொழி நீவெஸுக்குத் தெரியாது. ஆனால் அவர் விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. நான் எழுதுவேன் என்று நினைத்தாளா, எழுதமாட்டேன் என்று நினைத்தாளா, இன்றும் தெரியாது.

அந்த நல்ல சொற்றொடர் இன்னும் என்னிடம் இருந்தது. பேனாவை எடுத்தேன். எரிச்சலோடுதான் எழுதினேன், அழகாக எழுத வரவில்லை. 'அடுக்கும் பணியாளர் நீவெஸ் மொந்தனாரி, கழுத்து வலி காரணமாக, முதல் பதினான்கு வில்லைகளுக்கும் காற்றை நிறுத்தியிருந்தார். இந்த வரியை எழுதியவர் மே 9 அன்று அதைத் தடுத்தார். வில்லைகள் பிளந்தன.' அதன் கீழே, சிறிய எழுத்தில், மேற்பரப்பு உலர்வைப் பற்றி.

டியர்க்சன் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார்.

"கழுத்தா?"

"கழுத்து."

"காற்றினால் கழுத்து வலிக்குமா?"

"வலிக்காது" என்றேன்.

"என்ன கேக்குறார்?" என்றாள் நீவெஸ்.

"காத்துப் பட்டா கழுத்து வலிக்குமான்னு கேக்குறார்" என்றார் லெயார்கோ.

"பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை போல" என்றாள் நீவெஸ். "மேல்சட்டை பட்டனைப் போட்டுக்கச் சொல்லு."

டியர்க்சன் கையெழுத்துப் போட்டார். லெயார்கோ என் தோளைத் தட்டி, அழுத்தியை விற்கப்போவதில்லை என்று மூன்று பேரிடம் சொன்னார். அதில் இரண்டு பேருக்கு விற்கப்போகிறார் என்பதே தெரியாது.

நீவெஸ் ஏட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு ஏட்டை மூடி, என்னிடம் கொடுத்து, "மொந்தனாரின்னு சரியா எழுதியிருக்க" என்றாள். அவ்வளவுதான்.

*

வெள்ளிக்கிழமை, பூட்டுவதற்கு முந்திய கடைசி நாள். காலையில் உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. சத்தம் இல்லை. சாப்பாட்டு அறையில் மின்விசிறி நின்றிருந்தது. அலுவலகத்தில் குளிர்சாதனம் நின்றிருந்தது. கணக்கெழுதும் பெண் முகத்தைக் காகிதத்தால் விசிறிக்கொண்டே, "காத்து கெடுதல்னு இப்ப நிரூபிச்சாச்சாமே" என்றாள். கத்திப் பிரிவில் இரண்டு பேர் கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள்.

"யாரு நிரூபிச்சா?"

"நீங்கதானே மேடம். ரெண்டாயிரம் டிகிரில."

என் அறைக்குப் போனேன். மின்விசிறி சுவிட்சின் மேல் எர்மெஸின் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவன் என் ஏட்டைப் போலவே கட்டம் போட்டிருந்தான். திருத்தம்: அணைக்கப்பட்டது. காரணம்: டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

காகிதத்தைக் கிழித்தேன். விசிறியைப் போட்டேன். அது கிறீச்சென்று சுற்ற ஆரம்பித்தது. முதல் காற்று வியர்த்த பிடரியில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பது வருடத்தில் இவ்வளவு நல்ல காற்று எனக்கு வீசியதில்லை.

கண்ணைத் திறந்தபோது அறையின் கண்ணாடிக்கு வெளியே நீவெஸ் நின்றிருந்தாள். விடுமுறைக்குக் கிளம்பும் கைப்பையோடு. அவள் கோபமாக இல்லை. விசிறியைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். கம்பளியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

நான் எட்டி விசிறியை அணைத்தேன்.